வழங்கிக் கணினியில் செயலி மாற்றுதல்: வெற்றிடக் குழல் முதல் இன்று வரை

வழங்கி என்று தமிழில் எழுதுகிறோம், பேச்சில் சர்வர்தான். ஒரே இடத்தில் இருந்துகொண்டு பல கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் தகவல் தந்துகொண்டிருக்கும் கணினி அது. வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, தேர்வு முடிவு, பட்டா நகல் எல்லாமே ஏதோ ஓர் அறையில் இரவு பகலாக ஓடும் வழங்கியிலிருந்துதான் நமக்கு வருகின்றன. அதில் கணக்குப் போடும் உறுப்பு செயலி, அதாவது பிராசசர். சாதாரண வழங்கியில் ஒன்றோ இரண்டோ இருக்கும். பெரிய இயந்திரங்களில் நான்கு, எட்டு என்றும் உண்டு. செயலி பழுதானாலோ வேகம் போதாமல் போனாலோ அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம்.

இன்று அரை மணி நேரத்தில் முடியும் இந்த வேலைக்குக் கையேட்டில் ஏகப்பட்ட கட்டளைகள் இருக்கும். மின்கம்பி இரண்டையும் பிடுங்கு, மணிக்கட்டில் பட்டை கட்டு, திருகுகளை இந்த வரிசையில்தான் தளர்த்து, தொடுமுனைகளில் விரல் படாதே என்று அவை நீளும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் இயந்திரத்தில் பட்ட அனுபவத்தின் பேரில் வந்தது. தொடக்கத்தில் இயந்திரத்தால் மனிதனுக்கு ஆபத்து இருந்தது. பிறகு அது திரும்பி, மனிதனின் கையால் இயந்திரத்துக்கு ஆபத்து என்றானது. அந்த மாற்றத்தையும், நம் நாட்டில் கணினியின் மூடியைத் திறக்கும் உரிமை யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்தே இக்கட்டுரை பேசுகிறது.

குழல்களின் காலம்

1946-இல் அமெரிக்காவில் மக்கள் பார்வைக்கு வந்த எனியாக் கணினியில் சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. பழைய வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தக் குழல் தெரிந்திருக்கும். பல்பு போலச் சூடாகும், பல்பு போலவே ஒருநாள் அணைந்தும் போகும். இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் போடும்போதுதான் குழல்கள் அதிகம் பழுதாகின்றன என்று கண்டுகொண்டதால், எனியாக்கை முடிந்தவரை அணைக்காமலே வைத்திருந்தார்கள். ஒரு குழல் போனால் அது எங்கே இருக்கிறது என்று தேடுவதே பெரிய வேலை. அதற்குள் கணக்கு நின்றுபோகும்.

இதற்கான தீர்வு எளிமையானது. சில குழல்களை அவற்றோடு சேர்ந்த தடைகள், கம்பிகளுடன் ஒரே சட்டத்தில் கட்டி, அந்தச் சட்டத்தையே செருகவும் உருவவும் கூடியதாகச் செய்தார்கள். எனியாக்கின் எண்ணும் பகுதிகளிலேயே இந்த முறை இருந்தது. ஐபிஎம் நிறுவனம் 1948-இல் வெளியிட்ட 604 கணக்கிடும் இயந்திரத்தில் அது முழு வடிவம் பெற்றது. 1952-இன் 701 கணினியில் எட்டுக் குழல்கள் கொண்ட செருகு பெட்டிகள் வந்தன. பழுதான பெட்டியை உருவிப் புதியதைச் செருகிவிட்டு, உருவியதை மேசையில் வைத்து நிதானமாகப் பழுது பார்க்கலாம். இயந்திரம் நிற்கும் நேரம் மிகவும் குறைந்தது. 'மாட்யூல்' என்று இன்று நாம் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்தியாவுக்கு வந்த முதல் இலக்கமுறைக் கணினி கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிரிட்டனிலிருந்து வரவழைத்த எச்.இ.சி.-2எம். அது 1955-இல் வந்து, 1956-இல் இயங்கத் தொடங்கியது. நாமே செய்த முதல் பெரிய கணினி மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் டிஃப்ராக். அதன் முன்மாதிரி 1956-இல் ஓடியது, முழு இயந்திரம் 1960-இல் பயன்பாட்டுக்கு வந்தது, பெயர் 1962-இல் சூட்டப்பட்டது. அதை உருவாக்கிய குழுவை வழிநடத்திய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்தவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். பிற்காலத்தில் இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. டிஃப்ராக்கில் ஏறத்தாழ 2,700 குழல்கள். செய்தவர்களே பழுதும் பார்த்தார்கள் என்பதால், மூடியை யார் திறப்பது என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

குழல் இயந்திரத்தில் கை வைப்பவர் முதலில் தன் உயிரைப் பார்க்க வேண்டும். குழல்களுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதி அந்தக் காலத்தது. இன்றைய வழங்கிக்கான கையேட்டிலும் அது அப்படியே இருக்கிறது.

அட்டைகளும் வாடகை இயந்திரங்களும்

டிரான்சிஸ்டர் வந்ததும் பெட்டி சுருங்கி அட்டையானது. 1959-இல் ஐபிஎம் அறிவித்த 1401 கணினியின் செயலி, உள்ளங்கையளவு அட்டைகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகச் செருகப்பட்ட அமைப்பு. ஓர் அட்டையில் சில டிரான்சிஸ்டர்கள் மட்டுமே இருக்கும். இன்று நாம் செயலி என்று கையில் எடுத்துப் பார்க்கும் ஒற்றைப் பொருள் அப்போது இல்லை. செயலி என்பது ஒரு அலமாரி. அதை 'மாற்றுவது' என்றால் அதில் பழுதான ஓர் அட்டையை மாற்றுவது.

1961-இல் மும்பையிலிருந்த எஸ்ஸோ எண்ணெய் நிறுவனம் இந்தியாவின் முதல் 1401-ஐ நிறுவியது. அடுத்த பத்து ஆண்டுகளில் பெரிய நிறுவனங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் இந்த வகை இயந்திரங்கள் வந்தன. இங்குதான் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலோர் கணினியை விலைக்கு வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தார்கள். வெளிநாட்டில் பயன்படுத்திக் கழித்த இயந்திரங்களை ஐபிஎம் இங்கே கொண்டுவந்து புதுப்பித்து வாடகைக்கு விட்டது. இயந்திரம் அவர்களுடையது, அட்டைகள் அவர்களுடையவை, மாற்றும் பொறியாளரும் அவர்களுடைய ஆள். வாடகை கட்டுபவர் துளையிட்ட அட்டைகளைக் கொடுக்கலாம், அச்சிட்ட தாளை வாங்கலாம். மூடியைத் திறக்க முடியாது. காலாவதியான இயந்திரங்களுக்குக் கூடுதல் வாடகை வசூலிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு நாடாளுமன்றக் குழு வரை போனது.

சென்னையில் நடந்த பெரிய நிகழ்வு 1973-இல் ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 கணினி வந்தது. அந்த நிறுவனமே மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்தது. கணினியும் அவ்வழியே கிடைத்தது. தெற்காசியாவில் அன்றிருந்த பெரிய கணினிகளில் அதுவும் ஒன்று. வெளி நிறுவனங்களின் கணக்குகளும் அங்கே ஓடின. அதன் செயலிச் சுற்றுகள் ஒருங்கிணைந்த சில்லுகளால் ஆனவை. முதன்மை நினைவகம் மட்டும் பழைய காந்த வளைய வகை. சில்லுகள் அட்டைகளில், அட்டைகள் பெரிய பலகைகளில், பலகைகள் சட்டங்களில் என்று அடுக்கடுக்காக மாட்டப்பட்டிருக்கும். பழுது எந்த அடுக்கில் இருக்கிறது என்று இயந்திரத்தின் சோதனை நிரல்களை வைத்தே கண்டுபிடித்து, அந்த அடுக்கில் எது கழற்றக்கூடியதோ அதை மட்டும் மாற்றுவார்கள். 'களத்தில் மாற்றக்கூடிய அலகு' என்ற சொல்லும் கணக்கும் இவ்வகை இயந்திரங்களால் நிலைபெற்றவை. இன்றைய வழங்கி உதிரிபாகப் பட்டியலிலும் அதே பெயர்தான்.

அதே 1973-இல் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்குள்ள தங்கள் கிளையில் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்றது அரசு. ஐபிஎம் முழு உரிமையையும் விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கவில்லை. 1978-இல் நாட்டை விட்டு வெளியேறியது. கோகோ கோலா போன கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். குளிர்பானம் போனால் வேறு குளிர்பானம் வந்துவிடும். நாடு முழுவதும் ஓடிக்கொண்டிருந்த கணினிகளில் நாளை ஓர் அட்டை போனால் யார் மாற்றுவது என்பதுதான் உண்மையில் பெரிய கேள்வி.

அதற்கு விடையாக 1975-லேயே ஓர் ஏற்பாடு தொடங்கியிருந்தது. கணினிப் பராமரிப்புக் கழகம் என்ற பொருள்படும் பெயரில் மத்திய அரசு அமைத்த சிஎம்சி நிறுவனம் அது. பெயரைக் கவனியுங்கள்: கணினி செய்வதற்காக அல்ல, பராமரிப்பதற்காகவே ஓர் அரசு நிறுவனம். 1978-இல் ஐபிஎம் இயந்திரங்களின் பராமரிப்பை அது ஏற்றது. ஐபிஎம்மில் வேலை பார்த்த இந்தியப் பொறியாளர்கள் பலர் இதில் சேர்ந்தார்கள். வேறு சிலர் தனி நிறுவனம் தொடங்கினார்கள். ஒரே நிறுவனத்தின் இயந்திரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், பல நாட்டு, பல வகை இயந்திரங்களின் மூடியைத் திறந்து பழகினார்கள். செய்த நிறுவனத்தின் ஆள் இல்லாமல் அதன் இயந்திரத்தை ஓட வைக்க முடியும் என்பது நடைமுறையில் நிரூபணமானது அப்போதுதான். ஐபிஎம் வெளியேறியது நல்லதா கெட்டதா என்று பொருளாதாரம் படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பராமரிப்புக் கைத்திறனைப் பொறுத்தவரை அது நன்மையே செய்தது என்பது என் கருத்து.

அதே சிஎம்சி பின்னர் 1985-இல் டெல்லியில் தொடங்கிய கணினிவழி ரயில் முன்பதிவு அமைப்பை உருவாக்கியது. பராமரிப்புக்கென்று தொடங்கிய நிறுவனம் நாடறிந்த மென்பொருளைச் செய்தது. 2001-இல் டாட்டா குழுமத்துக்குப் போய், 2015-இல் டிசிஎஸ்ஸுடன் இணைந்து பெயர் மறைந்தது.

1980-களின் பிற்பகுதியில் தேசியத் தகவலியல் மையம் மாவட்டத் தலைநகரங்களில் கணினிகளை வைத்துச் செயற்கைக்கோள் வழியே இணைத்தது. தருமபுரி போன்ற ஊர்களுக்கு அரசுக் கணினி வந்த வழி இதுதான். சென்னையிலிருந்து பொறியாளர் பேருந்து பிடித்து வந்து இறங்கும்வரை காத்திருக்க வேண்டிய தொலைவில் இருந்த ஊர்களில், எதைக் கழற்றி எதை மாட்டலாம் என்று அங்கேயே ஒருவருக்குத் தெரிந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஓடும்போதே மாற்றுதல்

மின்சாரத்தை நிறுத்தாமல் செயலியை உருவ முடியுமா? அமெரிக்காவின் டேண்டம் நிறுவனம் 1976-இல் முடியும் என்று காட்டியது. அதன் 'நான்ஸ்டாப்' கணினியில் ஒவ்வொரு செயலிப் பகுதிக்கும் தனி நினைவகம், தனி மின்வழங்கி. ஒன்று விழுந்தால் அதன் வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். விழுந்ததை, மற்றவை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். வங்கிகள் இதைத் தேடி வந்தன.

1980-இல் தொடங்கிய ஸ்ட்ராடஸ் நிறுவனம் இன்னும் ஒரு படி போனது. அதன் இயந்திரத்தில் செயலிப் பலகைகள் இணையாக ஒரே கணக்கைப் போடும். ஒரு பலகையில் விடை மாறினால் அது தானே விலகிக்கொள்ளும். அதோடு, இயந்திரமே தொலைபேசி வழியாகத் தன் நிறுவனத்தை அழைத்துப் பழுதைச் சொல்லும். மறுநாள் கூரியரில் புதுப் பலகை வந்து சேரும்போதுதான் வாடிக்கையாளருக்கே பழுது தெரியவரும் என்று அந்தத் துறையில் ஒரு கதை உண்டு. பலகையை மாட்டப் பொறியாளர் தேவையில்லை. சிவப்பு விளக்கு எரியும் பலகையை உருவிப் புதியதைத் தள்ளினால் போதும். வாடகைக் காலத்தில் தொடவே கூடாது என்றிருந்த வாடிக்கையாளரின் கையில் இப்போது செயலியையே கொடுத்துவிட்டார்கள். மும்பை தேசியப் பங்குச் சந்தை 1994 நவம்பரில் பங்கு வணிகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தபோது ஸ்ட்ராடஸ் இயந்திரத்தைத்தான் நம்பியது. ஒரு நிமிடம் நின்றால் கோடிகள் ஆடும் இடம் அது.

விலை அதிகம் என்பதால் எல்லோராலும் இப்படிச் செய்ய முடியவில்லை. வேறொரு வழி, சாதாரணச் செயலிகளை நிறைய வைப்பது. அமெரிக்கா தன் க்ரே மீத்திறன் கணினிகளை நமக்கு விற்கத் தயங்கியதால் 1988-இல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் பரம் 8000 வெளிவந்தது. டிரான்ஸ்பியூட்டர் என்ற சிறு செயலிகள் பலவற்றை இணைத்த இயந்திரம் அது. நம் மாநிலத்தில் இதே சிந்தனையின் நல்ல எடுத்துக்காட்டு சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் 'கப்ரு'. இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர். 144 கணினிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் செயலி, ஆக 288. 2004 ஜூனில் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில் அது இடம்பிடித்தது. இத்தகைய தொகுதியில் ஒரு கணினியை நிறுத்திச் செயலி மாற்றினாலும் மற்றவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கால்களும் தொடுமுனைகளும்

1971 நவம்பரில் இன்டெல் வெளியிட்ட 4004 சில்லோடு செயலி என்பது விரல்களுக்கிடையே பிடிக்கக்கூடிய ஒரு பொருளானது. 2,300 டிரான்சிஸ்டர், 16 கால். 1978-இன் 8086-க்கு 40 கால்கள். 1985-இன் 386-க்கு 132. கால்கள் கூடக்கூட அவற்றைக் குழியில் அழுத்தி இறக்குவது கடினமானது. நூற்றுக்கணக்கான ஊசிகளை ஒரே நேரத்தில் அமுக்கினால் ஏதாவது ஒன்று வளையும், அல்லது பலகையே விரிசல் விடும். அதனால் பக்கத்தில் ஒரு நெம்புகோல் வைத்த குழி வந்தது. கோலைத் தூக்கினால் பிடி தளரும், செயலி தன் எடையிலேயே உள்ளே இறங்கும், கோலைத் தாழ்த்தினால் பிடித்துக்கொள்ளும். 'அழுத்தாதே, தானாக இறங்க வேண்டும்' என்ற அறிவுரை அதிலிருந்து வந்தது. 1997-இல் பென்டியம் 2, செயலியை ஒரு கறுப்புப் பெட்டியில் அடைத்து வீடியோ கேம் கேசட் போலச் செருகும் வடிவில் வந்தது. அடுத்த ஆண்டு வழங்கிகளுக்கான ஜியான் வகையும் அப்படியே வந்தது. அந்த வடிவம் சில ஆண்டுகளே நீடித்தது.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்று. மாவட்டத்தில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கணினி அறையின் வழங்கியாக ஒரு பென்டியம் 4 இயந்திரத்தை வைத்திருந்தோம். 478 கால் கொண்ட செயலி. காற்றாடி சத்தம் போடுகிறதே என்று நானே திறந்தேன். செயலியின் மேல் உட்கார்ந்திருக்கும் உலோகப் பாளத்தை, அதாவது ஹீட் சிங்க்கைப் பிடித்து மேலே இழுத்தேன். பாளத்தோடு செயலியும் வந்துவிட்டது. நெம்புகோல் தாழ்ந்தபடியே இருக்கிறது; இரண்டுக்கும் நடுவில் பூசிய பேஸ்ட் காய்ந்து சிமெண்ட்டாகிவிட்டிருந்தது. கால்கள் ஒரு ஓரத்தில் கதிர் சாய்ந்தது போலச் சாய்ந்து கிடந்தன. ஊரில் கணினி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரைக் கூப்பிட்டேன். பார்த்ததும் சொன்னார்: "சார், பத்து நிமிசம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகுன பிறகு, இப்படி லேசா திருகித்தான் சார் எடுக்கணும். நேரா இழுக்கக் கூடாது." "இப்ப என்ன பண்றது தம்பி?" "பால்பாயிண்ட் பென்சில் இருக்கா சார், குச்சி போட்டு அமுக்குற பென்சில்?" குச்சியை எடுத்துவிட்டு அந்தப் பென்சிலின் வெற்று முனையை ஒவ்வொரு காலிலும் நுழைத்து நிமிர்த்தினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். இயந்திரம் ஓடியது. முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவன், ஒட்டுப்பொருள் காய்ந்தால் இறுகும் என்பதை யோசிக்காமல் கை வைத்துவிட்டேன்.

அந்தச் சிக்கலை இன்டெல் 2004-இல் வேறு விதமாகத் தீர்த்தது. கால்களைச் செயலியிலிருந்து எடுத்து மதர்போர்டில் உள்ள குழியில் வைத்துவிட்டார்கள். செயலியின் அடியில் தட்டையான தங்க முலாம் புள்ளிகள் மட்டும். முதலில் 775 புள்ளிகள். விலை அதிகமான செயலி தப்பியது. ஆனால் குழியிலுள்ள மெல்லிய தொடுமுனைகள் மயிரிழை போன்றவை. ஒரு திருகு நழுவி விழுந்தாலும், துணி நூல் மாட்டினாலும் வளைந்துவிடும், மதர்போர்டே போகும். ஆபத்து தீரவில்லை, இடம் மாறியது. வெற்றுக் குழியை மூடியில்லாமல் விடக்கூடாது என்ற விதி இதனால் வந்தது.

கண்ணுக்குத் தெரியாத மின்சாரம்

எட்டாம் வகுப்பில் சீப்பை எண்ணெயில்லாத தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை ஈர்த்துக் காட்டுவோம். அதே நிலைமின்சாரம்தான் செயலியின் பெரிய எதிரி. இன்றைய சில்லுகளின் டிரான்சிஸ்டரில் மின்காப்பாக உள்ள படலம் சில அணுக்களின் தடிமன்தான். சில்லுக்குச் சுமார் நூறு வோல்ட் பாய்ந்தாலே கெடுதல் வரலாம். நம் உடம்பில் ஏறும் நிலைமின்சாரம் ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் விரலில் 'சுருக்' என்று நமக்கே தெரியும். அதற்குக் கீழே, தொட்டது தெரியாமலே கெடுத்திருப்போம். இன்னும் மோசம், சில்லு அப்போதே சாகாமல் அரைகுறையாகக் காயப்பட்டு ஆறு மாதம் கழித்துத் தடுமாறத் தொடங்கலாம்.

காற்றில் ஈரம் குறைந்தால் இது கூடும். கடலோரச் சென்னையைவிட, பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டு கிடக்கும் எங்கள் பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நைலான் சட்டை, பிளாஸ்டிக் விரிப்பு, தெர்மாகோல் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. மணிக்கட்டில் கட்டும் பட்டையைக் கணினியின் வண்ணம் பூசாத உலோகச் சட்டத்தில் இணைக்க வேண்டும். அந்தப் பட்டையின் கம்பியில் ஒரு மெகா ஓம் தடை இருக்கும். மாணவர்கள் ஏன் என்று கேட்பார்கள். நிலைமின்சாரம் மெதுவாக வடிய அது போதும். ஆனால் தவறிப்போய் வீட்டு மின்சாரம் பட்டாலும் உடம்பின் வழியே பாயும் மின்னோட்டம் மிகச் சிறிதாக இருக்கும். வெறும் செப்புக் கம்பியைக் கையில் கட்டிக்கொள்வது இதனால்தான் ஆபத்து. குழல் காலத்தின் எச்சரிக்கையும் சில்லுக் காலத்தின் எச்சரிக்கையும் அந்தச் சிறு தடையில் சேர்ந்திருக்கின்றன.

இன்றைய முறை

2017-இல் வந்த ஜியான் வழங்கிகளை எடுத்துக்கொள்வோம். இவற்றின் குழியில் 3,647 தொடுமுனைகள். இத்தனையும் ஒருசேரத் தொட வேண்டுமென்றால் பல பத்துக் கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் தேவை. நெம்புகோலை விட்டுவிட்டு, செயலியை ஒரு பிளாஸ்டிக் சட்டத்தின் மூலம் ஹீட் சிங்க்கின் அடியிலேயே கவ்வவைத்து, இரண்டையும் ஒரே மாட்யூலாக இறக்கும் முறை வந்தது. வெவ்வேறு பருமனுள்ள இரண்டு வழிகாட்டித் தூண்கள் இருப்பதால் தலைகீழாக மாட்ட முடியாது.

வேலை மூடியைத் திறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. புதிய செயலியை அந்த மதர்போர்டு ஏற்குமா, அதற்கு பயாஸ் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். புதுப்பிப்பதைப் பழைய செயலி இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பலர் இதை மறந்து, புதியதை மாட்டிய பிறகு திரை இருண்டு கிடப்பதைப் பார்த்து விழிப்பார்கள். இரண்டு குழியுள்ள இயந்திரத்தில் இரண்டு செயலியும் ஒரே வகையாக இருக்க வேண்டும். தரவைப் பிரதி எடுத்து, இயந்திரத்தை முறைப்படி நிறுத்தி, மின்கம்பிகள் இரண்டையும் பிடுங்க வேண்டும். வழங்கிக்கு இரண்டு மின்வழங்கி இருப்பது வழக்கம். ஒன்றை மட்டும் பிடுங்கினால் உள்ளே மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பிறகு சில நிமிடம் பொறுத்தால் தேங்கிய மின்சாரமும் வடியும், பாளத்தின் சூடும் ஆறும்.

பாளத்தில் நான்கு திருகுகள், பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண். கழற்றும்போது 4-இலிருந்து 1 வரை, மாட்டும்போது 1-இலிருந்து 4 வரை. ஒரு மூலையை முதலிலேயே முழுவதும் இறுக்கினால் மாட்யூல் சாய்ந்து தொடுமுனைகள் நசுங்கும். இறுக்கும் அளவு சுமார் 1.4 நியூட்டன் மீட்டர். அதற்கென அளவு காட்டும் திருப்புளி உண்டு. கை பலத்தை நம்புவது வேண்டாம். மாட்யூலை நேராக மேலே தூக்கித் திருப்பி வைத்து, சட்டத்தின் விளிம்பில் உள்ள சிறு நெம்பியால் செயலியைப் பேஸ்ட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். நான் இழுத்த மாதிரி யாரும் இழுக்க வேண்டியதே இல்லை. பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் தோய்த்த, நூல் உதிராத துணியால் துடைத்துப் புதிதாக அளவோடு பூச வேண்டும். செயலியின் மூலையிலுள்ள முக்கோணக் குறி சட்டத்தின் முக்கோணத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துக் கவ்வவைக்க வேண்டும். விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். புள்ளிகளில் விரல் பட்டால் வியர்வையின் உப்பு ஒட்டிக்கொள்ளும்.

மூடிய பிறகு காற்றை வழிநடத்தும் பிளாஸ்டிக் மறைப்பைத் திரும்ப வைக்க மறக்கக்கூடாது. இயந்திரம் ஓடியதும் இரண்டு செயலியும் தெரிகின்றனவா, நினைவகம் முழுவதும் கணக்கில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நினைவக அட்டைகளில் பாதி ஒரு செயலியோடும் மீதி மற்றதோடும் இணைந்தவை. ஆகவே நினைவகம் பாதியாகத் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் செயலி சரியாக உட்காராததுதான். ஒரு மணி நேரம் சுமை கொடுத்து வெப்பநிலையையும் பிழைப்பதிவையும் கவனித்த பிறகே பயன்பாட்டுக்குத் திறந்துவிடுவது வழக்கம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தப் படம் மீண்டும் மாறுகிறது. 2020-இல் உலகப் பட்டியலில் 63-ஆம் இடம் பெற்ற சி-டாக்கின் பரம் சித்தி ஏஐ இயந்திரத்தில் கணக்கின் பெரும்பகுதியைச் செய்பவை என்விடியாவின் ஏ100 வரைகலைச் செயலிகள். அவை மதர்போர்டின் குழியில் உட்காரும் சில்லுகளாக இல்லாமல், பெரிய பலகையின் மேல் திருகி மாட்டும் கனத்த மாட்யூல்களாக இருக்கின்றன. வேறு சில புதிய வழங்கிகளில் செயலியும் நினைவகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகின்றன. அங்கே ஏதாவது ஒன்று கெட்டால் முழுப் பலகையையும் உருவித் தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டியிருக்கிறது.